திருகாணிக்கு முன் எலும்பைக் கேளுங்கள்

நம் அறநிலையத்துக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் படித்துச் செயலவைக்குப் பரிந்துரை செய்யும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் உள்ளது. முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்கு உதவி கேட்டு வரும் மனுக்களும் அவற்றுள் உண்டு. அரசாங்க மருத்துவமனையில் கட்டணம் குறைவுதான். ஆனால் உடலுக்குள் பொருத்தும் திருகாணி, கம்பி முதலியவற்றைப் பல வேளைகளில் குடும்பத்தாரே வாங்கித் தர வேண்டியிருக்கிறது. விலைப்பட்டியலோடு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: "சார், இதில் எது நல்ல திருகாணி? விலை கூடியதையே போட்டுவிடலாமா?"

நான் மருத்துவன் அல்லேன்; தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனினும் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய நிலை என் குடும்பத்திலேயே ஏற்பட்டது. அதைப் பகிர்ந்துகொள்வது பிறருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

என் தமக்கையாருக்கு இடுப்புப் பகுதியில் ஒரு முள்ளெலும்பு முன்புறமாக நழுவி நரம்பை அழுத்தியது. பசாருக்கு நடக்கக்கூட முடியவில்லை. 2018ஆம் ஆண்டில், அவருடைய 69ஆம் வயதில், திருகாணிகள் பொருத்தி இணைப்பு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஓராண்டுக்குள் வலி திரும்பியது. எக்ஸ்ரே படத்தில் இரண்டு திருகாணிகளைச் சுற்றிக் கருமையான வளையம் தெரிந்தது. திருகாணிகள் தளர்ந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். பிறகுதான் எலும்பின் அடர்த்தியை அளந்தார்கள். அக்காவுக்கு ஆஸ்டியோபொரோசிஸ் எனப்படும் எலும்பு மெலிவு நோய் முற்றியிருந்தது.

அக்கா வருத்தத்தோடு சொன்னார்: "தம்பி, ஆணி வாங்கப் போனாக்கூட கடைக்காரன் எந்தப் பலகைக்குன்னு கேப்பான். என் முதுகுக்கு யாரும் கேக்கலியே!"

அந்தச் சொல் என்னைச் சுட்டது. கேள்வி கேட்கப் பழகுங்கள் என்று மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சொன்ன நான், மருத்துவர் முன் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

உலோகம் வெறும் சாரமே

திருப்பணிக் காலத்தில் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டுகிறோம். சாரம் கோபுரம் ஆகாது. வேலை முடியும் வரை தாங்குவதே அதன் பணி. இணைப்பு அறுவைச் சிகிச்சையும் அத்தகையதே. இரண்டு முள்ளெலும்புகளுக்கு இடையில் எலும்புத் துண்டுகளை வைக்கிறார்கள். அவை வளர்ந்து ஒன்றாக இணைவதற்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அசையாமல் பிடித்துக்கொள்ளவே திருகாணியும் கம்பியும். பெரும்பாலும் அவற்றை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள் என்றாலும், முடிவில் சுமையைத் தாங்க வேண்டியது எலும்புதான்.

முள்ளெலும்பின் பின்புறம் இருபக்கமும் காம்பு போன்ற பகுதி உண்டு. அதன் வழியாகத் திருகாணியைச் செலுத்துகிறார்கள். உள்ளே எலும்பு கெட்டியாக இருந்தால் பிடிப்பு உறுதி. செல்லரித்த பலகைபோல் இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த திருகாணியும் ஆடிப்போகும்.

தச்சர் செய்வதையே மருத்துவரும் செய்கிறார்

மெலிந்த பலகையில் திருகாணி நிற்காவிட்டால் தச்சர் என்ன செய்வார்? சற்றுப் பருத்த, நீண்ட ஆணியைத் தேடுவார். கூடுதல் இடங்களில் ஆணி அடிப்பார். துளையில் ஏதேனும் நிரப்புவார். மருத்துவர்கள் கையாளும் வழிகளும் இவைதாம்.

பருத்த, நீண்ட திருகாணி பிடிப்பைக் கூட்டும். ஆனால் காம்பின் அகலத்துக்கு மேல் போனால் காம்பே உடையும். கூடுதல் முள்ளெலும்புகளில் பொருத்தினால் சுமை பகிரப்படும். ஆனால் அறுவை பெரிதாகும், முதுகின் அசைவு குறையும். ஓரத்திலுள்ள கெட்டியான எலும்பைப் பற்றும்படி, திருகாணியைச் செலுத்தும் திசையை மாற்றும் முறையும் உண்டு. உள்ளே சென்றபின் விரியும் திருகாணிகளும் உள்ளன.

பக்கத் துளைகள் கொண்ட திருகாணியின் வழியே எலும்புச் சிமெண்ட் செலுத்துவது மற்றொரு முறை. இடுப்பு மூட்டு மாற்றத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் அதே வகைப் பொருள்தான் இது. சில நிமிடங்களில் இறுகித் திருகாணிக்கு நல்ல பிடிப்புத் தரும். ஆயினும் சிமெண்ட் கசிந்து நரம்பை அழுத்தலாம். இரத்தக் குழாய் வழியே நுரையீரலை அடையலாம். பின்னாளில் திருகாணியை எடுக்க நேர்ந்தால் அதுவும் கடினம்.

வட்டுக்குப் பதிலாக இரு எலும்புகளுக்கு நடுவே வைக்கும் கூண்டு வேறு. ஈர மண்ணில் நாற்காலியின் கால் புதைவதுபோல், மெலிந்த எலும்பில் கூண்டு புதையக்கூடும். காலுக்கு அடியில் அகலப் பலகை வைப்பதுபோல், அகன்ற கூண்டை எலும்பின் கெட்டியான விளிம்பில் அமரச் செய்வது நல்லது. டைட்டேனியம் கலவை, பீக் என்னும் பிளாஸ்டிக் வகையைவிட ஏறக்குறைய 30 மடங்கு விறைப்பானது. பீக் எலும்பின் தன்மைக்கு நெருக்கமானது. ஆனால் எலும்பு அதனோடு எளிதில் ஒட்டாது. நுண்துளைகள் கொண்ட டைட்டேனியக் கூண்டுகள், விறைப்பைக் குறைத்து எலும்பு ஒட்டி வளரவும் இடம் தருகின்றன. எல்லார்க்கும் பொருந்தும் ஒரே கூண்டு என்று எதுவும் இல்லை.

எலும்பையும் தேற்றலாம்

பலகையைத் தச்சரால் வலுவாக்க முடியாது; எலும்பை ஓரளவு வலுவாக்க மருந்து உண்டு. 2012ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எலும்பு மெலிவும் முள்ளெலும்பு நழுவலும் உள்ள பெண்களுள், டெரிபரடைட் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 82 விழுக்காட்டினருக்கு எலும்பு இணைந்தது. வழக்கமான மாத்திரை உண்டவர்களில் அது 68 விழுக்காடு. இந்த ஊசி விலை கூடியது. எலும்பில் புற்றுநோய் உள்ளவர்களுக்கு ஆகாது. வைட்டமின் டி குறைவையும் சரிசெய்ய வேண்டும். வெயில் கொளுத்தும் நம் நாட்டிலும் அக்குறைபாடு பெண்களிடையே பரவலாக உண்டு.

அக்காவுக்கு இரண்டாவது மருத்துவர் மூன்று மாதம் அந்த ஊசியைக் கொடுத்த பிறகே மறு அறுவை செய்தார். பருத்த திருகாணிகளும், இரண்டு இடங்களில் சிமெண்டும் வைத்தார். ஊசியை மேலும் பல மாதங்கள் தொடரச் சொன்னார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கால் செயலிழந்து வந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ மாதக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து. அப்போது உடனடி அறுவையே தேவைப்படும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எலும்பு அடர்த்தி அளக்கப்பட்டதா? டி-ஸ்கோர் எண் கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழ் என்றால் எலும்பு மெலிவு நோய்.

2. இடுப்பு எலும்பையும் அளந்தீர்களா? முதியோரின் முதுகில் வளரும் எலும்பு முடிச்சுகள் அளவை உயர்த்திக் காட்டி ஏமாற்றும். சி.டி. படத்திலிருந்தும் அடர்த்தியைக் கணிக்கலாம்.

3. அறுவைக்கு முன் மருந்தால் எலும்பைத் தேற்ற நேரம் உண்டா?

4. இந்தத் திருகாணியையும் கூண்டையும் இந்த எலும்புக்குத் தேர்ந்த காரணம் என்ன? சிமெண்ட் தேவையா? அதன் ஆபத்து என்ன?

5. அறுவைக்குப் பின் எலும்பு மெலிவுக்கான சிகிச்சையை யார், எவ்வளவு காலம் கவனிப்பார்கள்?

இவற்றைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. நல்ல மருத்துவர் மகிழ்ந்து விடை சொல்வார். இப்போதெல்லாம் விலைப்பட்டியலோடு வருபவர்களிடம் எலும்பு அடர்த்தி அறிக்கை இருக்கிறதா என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். இல்லையென்றால் மனுவைத் தள்ளுவதில்லை. ஐந்து கேள்விகளையும் தாளில் எழுதிக் கொடுத்து, மருத்துவரைப் பார்த்து வரச் சொல்கிறேன்.

அக்கா இன்று கைத்தடி ஊன்றிக் கோயிலுக்கு வருகிறார். தரையில் அமர முடியாது. தூணோரம் நாற்காலி போட்டு வைத்திருக்கிறோம். முதலிலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு அறுவையும் இரண்டாண்டு வேதனையும் மிஞ்சியிருக்கக்கூடும். நான் கேட்கத் தவறியதை நீங்கள் கேளுங்கள்.