ஒரு கையொப்பத்தில் காஸ்வே தாண்டும் கைதாணை

சிங்கப்பூர் நீதிமன்றம் பிறப்பித்த கைதாணையில் ஜொகூர் பாரு மாஜிஸ்திரேட் கையொப்பமிட்டால் போதும். அது மலேசியக் கைதாணையைப் போலவே செல்லும். மலேசியாவின் 1992ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டம் சிங்கப்பூருக்கும் புருணைக்கும் மட்டும் திறந்துவைத்திருக்கும் குறுக்குவழி இது.

மற்ற நாடுகளுக்கு அப்படியில்லை. கோரிக்கை முதலில் அமைச்சரிடம் வர வேண்டும். பிறகு செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும். அங்கே குற்றமாக இருப்பது இங்கும் குற்றமாக இருக்க வேண்டும். ஓராண்டுச் சிறையாவது கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அரசியல் குற்றத்துக்காக யாரையும் அனுப்பக் கூடாது. இனம், மதம், அரசியல் கருத்து காரணமாகத் தண்டிக்கத்தான் கேட்கிறார்கள் என்றாலும் கூடாது. இந்தியாவுடன் 2010இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியும், இந்தியா கேட்ட இஸ்லாமியப் போதகர் ஜாகிர் நாயக் பல ஆண்டுகளாக மலேசியாவில்தான் இருக்கிறார்.

குறுக்குவழியில் போனால் என்ன ஆகும்? 2011இல் சிங்கப்பூரில் பிடிபட்ட 28.5 கிராம் ஹெராயின் தொடர்பாக, 2016 ஜனவரியில் மலேசியாவில் ஒரு தமிழர் கைதாகி, சிங்கப்பூரிடம் ஒப்படைக்கப்பட்டார். 2020 மே மாதம், கொரோனா அடைப்புக் காலத்தில், ஜூம் வழியாக அவருக்கு மரண தண்டனை வாசிக்கப்பட்டது. உலகமே அதிர்ந்தது. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பால் குற்றத்தை ஐயமற நிரூபிக்க முடியவில்லை. அவர் சிறையில் கழித்த ஆறு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தை யார் திருப்பித் தருவார்கள்? உயிரே போகக்கூடிய வழக்குக்கும் திருட்டு வழக்குக்கும் ஒரே கையொப்பம் என்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இதைவிட இருண்ட வழியும் இருந்தது. சிங்கப்பூர்க் காவலிலிருந்து 2008இல் தப்பிய பயங்கரவாதச் சந்தேகநபர் மாஸ் செலாமாட் 2009 ஏப்ரலில் ஜொகூரின் ஸ்கூடாய் பகுதியில் பிடிபட்டார். விசாரணையின்றி அடைத்துவைக்கும் மலேசிய உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வைக்கப்பட்டு, 2010 செப்டம்பரில் ஒப்படைக்கப்பட்டார். அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது.

கைதானவர் கையில் இருப்பது அரசமைப்பின் 5ஆவது பிரிவு. கைதுக்கான காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவல் சட்டவிரோதம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். ஆனால் வழக்கறிஞர் வருவதற்குள் வண்டி சிங்கப்பூருக்குச் செல்லும் காஸ்வே பாலத்தில் ஏறிவிட்டால் இந்த உரிமைகளால் என்ன பயன்? கைதானவர் பக்கம் ஒரு வழக்கறிஞர் நிற்காமல், மரண தண்டனைக்குரிய வழக்கில் எந்த மாஜிஸ்திரேட்டும் ஒப்படைப்பு உத்தரவு போடக் கூடாது என்று நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும்.