‘வாய்டு’ என்னும் சொல்

‘வாய்டு’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நாம் பள்ளியில் கற்ற பொருள் ‘வெற்றிடம்’. வானநூலுக்கு அது போதும். ஒப்பந்தத் தாளுக்குப் போதாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், சட்டத்தால் நிறைவேற்றுவிக்க இயலாத உடன்பாட்டையே ‘வாய்டு’ என்கிறது. தாளில் எழுத்தும் கையொப்பமும் நிறைந்திருக்கும், இல்லாதது வலிமையே. ஆகவே, மொழிபெயர்ப்பாளராகிய நாம் ‘செல்லாதது’ என்றே எழுதுகிறோம். செல்லாக்காசைக் கண்டவருக்கு விளக்கம் வேண்டா. ‘வாய்டபிள்’ என்பதோ வேறு. மிரட்டப்பட்டுக் கையொப்பமிட்டவர், தாம் விரும்பினால் மட்டும் அவ்வொப்பந்தத்தைத் தள்ளிவிடலாம். தள்ளாதவரை அது செல்லும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி வாளாவிருப்பவர் தம் உரிமையை இழக்கக்கூடும்.

பாலக்காட்டுச் சித்தூரிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேட்டுத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர் மலையாளத் தாள்களையும் படிக்க வேண்டியவர். அங்கே செல்லாதது ‘அசாது’ எனப்படும். சாதுவல்லாத மனிதர் எவரையோ குறிப்பதாகத் தமிழ்ச்செவி மயங்குவது இயல்பே! 2016இல் பணத்தாள்கள் செல்லாதவையானபோது மலையாள ஏடுகள் வழங்கியதும் இச்சொல்லே.

வேலை அறிவிப்பில் ‘ஒழிவு’ என்று கண்டால், பதவியையே ஒழித்துவிட்டனர் என்று திரும்பிவிடற்க. இடம் காலியாக உள்ளது என்பதே பொருள். நம் வீடுகள் சிலவற்றிலும் பாத்திரத்தை ‘ஒழித்து’த்தானே துலக்கப் போடுகிறார்கள்? விண்ணப்பத்தை உடனே அனுப்புக.