உள்ளிருந்தே மொழிபெயர்க்கும் கருவி

நெருளிலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகள் கணினித் துறையில் பணிபுரிகின்றனர். அவர்கள் பேச்சில் ‘கம்பைலர்’ என்னும் சொல் அடிக்கடி வரும். அது யாது? மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குரிய இயந்திரமொழியில் பெயர்த்துத் தரும் கருவியே அது.

இப்பெயர்ப்பு பெரும்பாலும் முன்கூட்டியே முடிந்துவிடும். விளைவு ஒரு கோப்பாகச் சேமிக்கப்பெற்றுப் பின்னர் இயங்கும். இஃது அச்சிட்ட மொழிபெயர்ப்பு நூலைப் போன்றது. அவையில் ஒருவர் பேசப் பேச உடனே பெயர்த்துரைப்போரும் உளர் அல்லவா? அவரைப் போலவே, கம்பைலரை மற்றொரு நிரலின் உட்பகுதியாக அமைத்து, வேண்டியபோது வேண்டியதை மட்டும் பெயர்க்கச் செய்யலாம்.

அம்முறை வருமாறு: இயங்கிக்கொண்டிருக்கும் நிரல், நினைவகத்தில் ஓரிடத்தை ஒதுக்குகின்றது. கம்பைலர் அங்கே இயந்திரக் கட்டளைகளை எழுதுகின்றது. பின்னர் அவ்விடத்திற்கு எழுதும் உரிமை நீக்கப்பட்டு, இயங்கும் உரிமை அளிக்கப்படுகின்றது. தொடக்க முகவரி அறிந்ததும் கட்டளைகள் இயங்குகின்றன. வட்டில் எக்கோப்பும் உண்டாவதில்லை.

இதற்குப் பெரிதும் பயன்படுவது எல்.எல்.வி.எம். என்னும் கருவித்தொகுதி. தாணே கழிக்கு அக்கரையில், பவாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற விக்ரம் அத்வேயும் அவர் மாணவர் கிறிஸ் லாட்னரும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2000-ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினர். 2018-இல் வெளிவந்த போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் 11-ஆம் பதிப்பு அதனை உள்ளே சேர்த்துக்கொண்டது. பல இலட்சம் பதிவுகளை ஒரே நிபந்தனையால் சோதிக்கும்போது, அந்நிபந்தனையை ஒருமுறை இயந்திரமொழியாக்கிவிட்டால் ஒவ்வொரு பதிவுக்கும் நேரம் மிச்சமாகின்றது. சிறு வினாவிற்கோ, பெயர்க்கும் நேரமே இயங்கும் நேரத்தை விஞ்சிவிடும். ஆதலின் வினாவின் செலவை முன்னரே மதிப்பிட்டு, அது குறித்த அளவைக் கடந்தால் மட்டுமே அத்தரவுத்தளம் கம்பைலரை அழைக்கின்றது.

காலச் செலவினும் பெரிதாகக் கருதத்தக்கது பாதுகாப்பு. உள்ளே பெயர்க்கப்பட்ட கட்டளைகளுக்கும் அவற்றை ஏற்ற நிரலுக்கும் இடையே தடுப்பு ஏதுமில்லை. அந்நிரல் தொடக்கூடிய கணக்குகள், கோப்புகள் அனைத்தையும் அவையும் தொடும். எழுதும் உரிமையும் இயங்கும் உரிமையும் ஓரிடத்தில் ஒருங்கே இருத்தலாகாது என்னும் விதி, பிறர் புகுத்தும் கட்டளைகளைப் பெருமளவு தடுக்கும். ஆயினும் நாமே மனமுவந்து ஏற்ற நிரல் தீயதாயின், அதனை அவ்விதி தடுக்காது. முன்பின் அறியாதார் தரும் நிரலை இவ்வாறு இயக்குவோர், அதனைத் தனிக் காப்பிடத்தில் அடைத்தே இயக்குதல் வேண்டும்.