நாற்பதுக்குப் பிறகு: தேனிப் பெண்களுக்கான உடல்நலச் சேவைகளும் உடற்பயிற்சியும்

உடலில் நிகழும் மாற்றம்

மாதவிலக்கு தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால் அது மாதவிடாய் நிறுத்தம் எனப்படும். மேலை நாட்டுப் பெண்களுக்கு இது 51 வயதையொட்டி வருகிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் விலக்கு முன்பின்னாக வரும். திடீரென முகமும் கழுத்தும் கொதித்து வியர்க்கும். நள்ளிரவில் விழிப்புத் தட்டும், சிறு சொல்லுக்கும் எரிச்சல் வரும். கருப்பையோடு இரு சினைப்பைகளையும் அறுவையில் எடுத்துவிட்டவர்களுக்கு இந்த மாற்றம் படிப்படியாக வராமல் ஒரே நாளில் வந்து நிற்கும்.

இதற்கெல்லாம் காரணம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவது. எலும்பில் சுண்ணாம்புச் சத்தைத் தக்கவைப்பதிலும் ரத்தக் குழாய்களைக் காப்பதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. விலக்கு நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறது. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. கெட்ட கொழுப்பும் ரத்த அழுத்தமும் ஏறத் தொடங்குகின்றன. இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் சொட்டுவதும், சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவதும் இந்தப் பருவத்தின் தொல்லைகளே. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுப் பலரும் இவற்றோடே காலம் தள்ளுகிறார்கள்.

உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

நாள் முழுக்க வேலை பார்க்கிற உடம்புக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்ற எண்ணம் அல்லிநகரத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பரவலாக உண்டு. இங்கே பெண்கள் செய்யும் வேலைகளைப் பார்த்தால், அவை உடலை எப்படி ஒருபக்கமாகத் தேய்க்கின்றன என்பது தெரியும்.

விடியும் முன்பே ஜீப் ஏறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் ஏராளம். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிக் கிடக்கும் சரங்களில் காய்க்கிறது. குத்தவைத்தோ குனிந்தோதான் எடுக்க வேண்டும். முழங்கால் மூட்டும் கீழ் முதுகும் மணிக்கணக்கில் மடங்கியே இருக்கின்றன. திராட்சைத் தோட்டத்தில் நிலைமை நேர் எதிர். தலைக்கு மேலே பந்தல். கவாத்து வெட்டவும் குலையைச் சீர்செய்யவும் கழுத்தை அண்ணாந்து, கையைத் தூக்கியபடியே நிற்க வேண்டும். நூற்பாலையில் ஷிப்ட் முழுவதும் கால் கடுக்க நிற்பது. கடையிலும் அலுவலகத்திலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பது.

இவற்றில் சில தசைகள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன, மற்றவை சும்மா கிடக்கின்றன. ஒரே வாட்டத்தில் குனிந்திருப்பதால் தசை வலுவடைவதில்லை; மூச்சு வாங்கும் அளவுக்கு இதயத்துக்கும் வேலை கிடைப்பதில்லை. உழைக்கும் பெண்ணுக்கும் மூட்டுவலியும் சர்க்கரையும் வருவது இதனால்தான். உழைப்பு விட்டுவைத்த தசைகளுக்கு வேலை கொடுப்பதே உடற்பயிற்சியின் நோக்கம்.

எவ்வளவு, எப்படி

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி தேவை. பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் நடப்பது மிதமானது. வாரத்தில் 5 நாட்கள் அரை மணி நேரம் நடந்தால் கணக்கு நேராகும். கூடவே வாரத்துக்கு 2 நாட்களாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். நடுவயதுப் பெண்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த இரண்டாவதைத்தான். நடை இதயத்துக்கு நல்லது. தசையும் எலும்பும் வலுப்பெற எடையை எதிர்த்துத் தள்ள வேண்டும்.

அதற்கு ஜிம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வழியுண்டு. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காருவது தொடைக்கு. சுவரில் கை ஊன்றி உடலைத் தள்ளுவது தோளுக்கும் மார்புக்கும். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது கைக்கு. குனிந்து வேலை செய்பவர்கள் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கிப் பிடிக்கலாம். அண்ணாந்து வேலை செய்பவர்கள் தோள்களைப் பின்னுக்கு இழுத்து, தாடையை உள்வாங்கிக் கழுத்தைத் தளர்த்தலாம். சிறுநீர்க் கசிவுக்கு, சிறுநீரை அடக்குவது போல இடுப்படித் தசையை 5 விநாடி இறுக்கித் தளர்த்துவதை 10 முறை, நாளுக்கு மூன்று வேளை செய்தால் சில மாதங்களில் பலன் தெரியும்.

தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் 2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்டது. தனியாக நடக்கத் தயங்கும் பெண்கள் தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினால் நடை நாளடைவில் பழக்கமாகிவிடும்.

வீட்டு வாசலில் மருத்துவம்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த வயதுப் பெண்களுக்குப் பெரிதும் உதவும் திட்டம். சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறார்கள். தேவைப்படுவோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. 2024இல் இத்திட்டம் ஐக்கிய நாடுகள் சபை அமைப்பின் விருதைப் பெற்றது.

ஆனால், தன்னார்வலர் கதவைத் தட்டும் நேரத்தில் தோட்டத்துக்குப் போன பெண் மலைமேல் இருப்பார். ஆகவே ஞாயிறு போன்ற ஓய்வு நாளையோ, வீடு திரும்பும் நேரத்தையோ தன்னார்வலரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. 140/90க்கு மேல் ரத்த அழுத்தமோ, வெறும் வயிற்றில் 126க்கு மேல் சர்க்கரையோ காட்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுபரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதுவும் எச்சரிக்கையே.

கருப்பைவாய்ப் பரிசோதனை: தேனியின் முன்னோட்டம்

தமிழ்நாட்டு அரசின் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு முன்னோட்டக் களமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு மாவட்டங்களில் ஒன்று தேனி, மற்றொன்று தஞ்சாவூர். உலக வங்கி நிதியுதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ் 2007இல் இது தொடங்கியது. இங்கே கிடைத்த அனுபவத்தின் மேல்தான் பிறகு மாநிலம் முழுவதற்கும் பரிசோதனை விரிவாக்கப்பட்டது.

பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று இந்தப் பரிசோதனையின் பயனைக் காட்டியிருந்தது. 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையே கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்களை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் 'லான்செட்' இதழில் அதன் முடிவு வெளியானது.

பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் பஞ்சில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்கிறார்கள். மாறுபட்ட செல்கள் இருந்தால் அந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். வலியில்லை, மயக்க மருந்தும் தேவையில்லை. வெள்ளைத் திட்டு தெரிந்ததாலேயே புற்றுநோய் என்று பொருளல்ல. அது மேல் பரிசோதனைக்கான குறிப்பு மட்டுமே. மாறுபட்ட செல்கள் புற்றாக மாற ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், முன்நிலையிலேயே அவற்றை நீக்கிவிட முடியும். 30 வயதைக் கடந்த பெண்கள் 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை இதைச் செய்துகொள்ள வேண்டும். அதே நாளில் செவிலியர் மார்பகத்தையும் பரிசோதிப்பார்.

எங்கே போவது

முதல் படி, ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். அல்லிநகரம் போன்ற நகராட்சிப் பகுதிகளில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை, கருப்பைவாய், மார்பகப் பரிசோதனைகள் அங்கே இலவசம். அடுத்த படியில் போடி, கம்பம், உத்தமபாளையம், ஆண்டிபட்டி அரசு மருத்துவமனைகள் உள்ளன. சிக்கலான பிரச்சினைகளுக்குத் தேனிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே க.விலக்கில் உள்ள அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மனச்சோர்வும் தூக்கமின்மையும் நீடித்தால் 14416 எண்ணில் டெலி மானஸ் மனநலச் சேவையில் தமிழிலேயே பேசலாம்.

தட்டில் வேண்டியவை

100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதன் சிறு பங்கே இருக்கிறது. ஒரு வேளை கேழ்வரகுக் களியோ கூழோ, வாரத்தில் சில நாள் அகத்திக்கீரையோ முருங்கைக்கீரையோ, தினமும் மோர் அல்லது பால் எலும்புக்கு நல்லவை. தசைக்குப் புரதம் வேண்டும். குழம்பில் மிதக்கும் பருப்போடு நின்றுவிடாமல் முட்டை, மீன், சுண்டல், தட்டைப்பயறு என ஒவ்வொரு வேளையும் ஏதேனும் ஒன்று சேர வேண்டும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கத்தில் பெண்ணுக்கு முதலில் குறைவது இந்தப் புரதம்தான்.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

விலக்கு நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உறவுக்குப் பின் ரத்தம், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், மார்பில் வலியில்லாத கட்டி, காம்பு உள்வாங்குதல், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிவு ஆகியவையும் அப்படியே. பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலி இல்லாமல் மூச்சுத்திணறல், தாடை வலி, குளிர்ந்த வியர்வை, கடும் அசதி என்று வரும். அப்போது வாய்வுப் பிடிப்பு என்று கசாயம் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். உடல் கொதிப்பு தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் ஹார்மோன் சிகிச்சை உண்டு. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்கு அது பொருந்தாது. மருத்துவர் பரிசோதித்துச் சொன்னால் மட்டுமே அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.