ஆங்கில வாசிப்புப் புரிதலில் எழுவாய் அறிதல்: புதுமடம் போன்ற கடற்கரை ஊர்களின் கற்போரை முன்வைத்து

கஃப், டன்மர் ஆகியோர் 1986இல் வாசிப்பை எழுத்தறிதல், மொழிப்புரிதல் என்னும் இரண்டின் பெருக்கற்பலனாக விளக்கினர். ஒன்று சுழியமாயின் விளைவும் சுழியமே. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இசுலாமியர் மிகுந்து வாழும் புதுமடம் போன்ற ஊர்களுக்கு இக்கருத்து புதிதன்று. மதரசாவில் அரபு எழுத்தைப் பிழையற ஓதப் பயிலும் சிறார், பொருளுணர்தல் தனிக்கல்வி என்பதை அறிவர் (ஓதுதலின் நோக்கமே வேறு என்பதும் கருதத்தக்கது). ஆங்கிலத்திலோ உரக்கப் படித்தலே பல நேரங்களில் புரிதலாகக் கொள்ளப்படுகிறது.

'தி போட் தட் ஹிட் தி ராக் சேங்க்' என்பதைத் தடையின்றிப் படிக்கும் மாணவர், மூழ்கியது பாறை எனக் கொள்ளக்கூடும். 'பாறையில் மோதிய படகு மூழ்கியது' என்னும் தமிழ்த்தொடரில் எழுவாய் வினையை அடுத்து நிற்கிறது. ஆங்கிலத்தில் பெயரெச்சத்துக்கு இணையான தொடர் பெயருக்குப் பின்வந்து இரண்டையும் பிரித்துவிடுகிறது. சொற்பொருள் அனைத்தும் தெரிந்தபின்னும் நேரும் இப்பிழையை அகராதி களையாது. 'மூழ்கியது எது?' என வினவி, விடையைத் தமிழிலேயே பெறுவது பயிற்சியின் முதற்படியாகலாம்.