காற்றுப் போன சக்கரம்: ஒட்டுப் போடுவதா, ரயரை மாற்றுவதா?

வன்னியில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. காலையில் பிள்ளையைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, வயலுக்கோ கூலிவேலைக்கோ போய், பின்னேரம் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்புவதும் அதே வண்டியில்தான். 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் சனம் விட்டுவிட்டு வந்த வாகனங்கள் ஆண்டுக்கணக்கில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்தன. முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய பல குடும்பங்கள், வீட்டுக்குக் கதவு போடும் முன்னரே, லீசிங்கிலாவது ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்தன. பேருந்து ஓடாத உள்வீதிகளில் வேறு வழியும் இருக்கவில்லை.

ஆகவே சக்கரத்தில் காற்றுப் போவதை எல்லோருக்கும் ஒரே அளவான தொல்லையாக எடுத்துக்கொள்ள முடியாது. இருபது வயதுப் பொடியனுக்கு மூன்று கிலோமீற்றர் வண்டியை உருட்டுவது வெறும் வியர்வை. செயற்கைக் கால் பூட்டிய ஒருவருக்கு அது முடியாத காரியம். பின்னேரம் கிளினிக் முடித்து யானை நடமாடும் வீதியால் தனியே திரும்பும் குடும்பநல உத்தியோகத்தருக்கு அது ஆபத்து. பரந்தன்–முல்லைத்தீவு வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அதில் சந்திகளை விட்டு விலகினால் ஒட்டுப் போடும் கடை கிடைப்பது அதிர்ஷ்டம்தான். எந்த ரயர், எந்த ரியூப் என்று முடிவெடுக்கும்போது விலைக்கு முன் இதைத்தான் யோசிக்க வேண்டும்: காற்றுப் போனால் நீங்கள் எவ்வளவு தூரம் உருட்ட வேண்டியிருக்கும், உங்களால் அது முடியுமா?

முதலில் வீதியில் செய்யவேண்டியது. ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி பின்பக்கம் மிதப்பதுபோல் ஆடினால் பின்சக்கரத்தில் காற்றுப் போகிறது. ஹாண்டில் கனத்து ஒரு பக்கம் இழுத்தால் முன்சக்கரம். இரண்டிலும் பதறிப் பிறேக்கை அழுத்தக்கூடாது. ஹாண்டிலை நேராகப் பிடித்து, எக்சிலேற்றரை மெதுவாகக் குறைத்து, வேகம் தானாக விழ விடுங்கள். பிறேக் பிடித்தே ஆகவேண்டுமானால் காற்று உள்ள சக்கரத்தின் பிறேக்கை மென்மையாகப் பிடியுங்கள். காற்றுப் போன சக்கரத்தைப் பூட்டினால் ரயர் ரிம்மை விட்டு விலகி ஆளை விழுத்தும்.

நின்ற பிறகு, "மெல்லமாய் ஓடிக்கொண்டு போவம்" என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். அரைக் கிலோமீற்றர் ஓடினாலே ரியூப் உள்ளே மடிந்து கிழிந்துவிடும். ஓர் ஒட்டோடு முடிந்திருக்கும் செலவு புது ரியூபில் வந்து நிற்கும். ரிம் நெளிந்தால் அதுவும் சேரும். உருட்ட முடியாத பாரமென்றால் இறங்கி நின்று, இயந்திரத்தை இயக்கி, முதலாவது கியரில் கிளச்சைத் தொட்டுத் தொட்டு விட்டு, வண்டியின் பக்கத்திலே நடந்து போகலாம். பின்னால் இருந்தவரும் இறங்கித்தான் வரவேண்டும்.

நிழலைத் தேடிப் பற்றைக்குள் இறங்குவதிலும் கவனம் வேண்டும். முகமாலைப் பக்கம் பல ஆண்டுகளாக மிதிவெடி அகற்றும் வேலை நடந்தது எல்லோருக்கும் தெரியும். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடங்களில் மட்டுமல்ல, பழக்கமில்லாத எந்தப் பற்றைக்காணியிலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். வீதியோரத்திலேயே நின்று வேலையைப் பாருங்கள்.

இனிக் கடைக்கு வருவோம். பெரும்பாலும் நடப்பது இதுதான். கடைக்காரர் ரியூபைக் கழற்றுவார், தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார், குமிழி வரும் இடத்தில் ஒட்டுவார், நாங்கள் காசைக் கொடுத்துவிட்டுப் போவோம். இரண்டு கிழமையில் திரும்பவும் அதே கடை. ஆணியையும் முள்ளையும் குறை சொல்வது எங்கள் வழக்கம். முள்ளும் உண்மைதான். மன்னார்ப் பக்கம் உடைமுள், எங்கும் நெருஞ்சி, போர் நடந்த காணிகளில் இன்னும் மண்ணோடு கிளம்பும் முட்கம்பியும் தகரத் துண்டும். ஆனாலும் திரும்பத் திரும்பக் காற்றுப் போகும் வண்டிகளில் பல தடவை பிழை வெளியில் இல்லை, சக்கரத்துக்குள்ளே இருக்கிறது. ஒட்டுவதற்கு முன், "அண்ணை, ஓட்டை எங்கே என்று ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேளுங்கள்.

ஓட்டை ரியூபின் வெளிவட்டத்தில், அதாவது வீதியைப் பார்க்கும் பக்கத்தில், ஒற்றைப் புள்ளியாக இருந்தால் அது முள் அல்லது ஆணி. அந்த முள் இன்னும் ரயருக்குள்ளேயே குத்திக்கொண்டு நிற்கலாம். அதை எடுக்காமல் பூட்டினால் ஒட்டிய ரியூப் வீடு போய்ச் சேரமுன் மறுபடி போகும். ரியூபைக் கழற்றும்போது வால்வு இருந்த இடத்துக்கு நேரே ரயரில் சோக்கால் ஒரு கோடு போட்டு வைத்தால், பின்னர் ரியூபை அதே நிலையில் வைத்து, ஓட்டைக்கு நேரே ரயரில் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும். உட்புறத்தை வெறுங்கையால் தடவ வேண்டாம். ஒரு துணியால் தடவினால் முள் துணியில் சிக்கும், விரலும் தப்பும்.

ஓட்டை உள்வட்டத்தில், ரிம்மைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால் ஆணியைத் தேடிப் பயனில்லை. ரிம்முக்குள்ளே சுற்றியிருக்கும் இறப்பர் நாடா உக்கியிருக்கும் அல்லது விலகியிருக்கும்; ஸ்போக் கம்பியின் நுனி ரியூபைக் குத்துகிறது. அந்த நாடா மிகக் குறைந்த விலைப் பொருள். அதை மாற்றாமல் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு அலைபவர்கள் ஏராளம். ஸ்போக் இறுக்கிய பிறகு வெளியே நீட்டும் நுனிகளை அரத்தால் ராவிவிடவும் சொல்லுங்கள்.

பக்கம் பக்கமாக இரண்டு சின்ன வெட்டுகள், பாம்பு கடித்த அடையாளம் போல இருந்தால், காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறீர்கள். கிடங்கில் விழும்போது ரிம் விளிம்புக்கும் ரயருக்கும் இடையில் ரியூப் நசிந்திருக்கிறது. உள்வீதிகளில் இது மிகச் சாதாரணம்.

வால்வின் அடி கிழிந்திருந்தால் அதற்கும் பெரும்பாலும் காற்றுக் குறைவே காரணம். காற்றுப் போதாத ரயர் ரிம்மின் மேல் மெல்ல மெல்லச் சுற்றி நகரும், ரியூபையும் இழுத்துக்கொண்டு போகும், வால்வு மட்டும் துளையில் மாட்டி நின்று கிழியும். இதற்கு ஒட்டு நிற்காது, ரியூபை மாற்றத்தான் வேண்டும். வால்வு சரிந்து நிற்பதைக் கண்டால் அது முன்னெச்சரிக்கை. காற்றைத் திறந்துவிட்டு ரயரைத் திருப்பி நேராக்குங்கள். வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்கிப் பூட்டுவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரிவை மறைக்கும், கிழிவதை விரைவாக்கும். நட்டைத் தளர்த்தி, மேலே மூடியோடு சேர்த்து விட்டுவிடலாம்.

காற்றின் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும், சில வண்டிகளில் சங்கிலி மூடியிலும் ஒட்டியிருக்கும். 100 முதல் 150 சீசீ வரையான பல இந்திய வண்டிகளுக்கு முன்சக்கரம் 25 பி.எஸ்.ஐ., பின்சக்கரம் தனியே ஓடினால் 28, பின்னால் ஆள் இருந்தால் 32 அளவில் வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று ஒருமுறை பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, கிழமைக்கு ஒருமுறை, ஓடிச் சூடாகும் முன்னர், அளந்து பாருங்கள். விரலால் அமத்திப் பார்ப்பது அளவு ஆகாது.

ஒட்டு நல்லதா கெட்டதா என்பது கையில் இருக்கிறது. அரத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொலூசனை மெல்லிதாகப் பூசி, அது ஈரம் காயும் வரை சில நிமிடம் பொறுத்து ஒட்டினால் அந்த ஒட்டு ரியூபின் ஆயுள் வரை நிற்கும். ஈரத்தோடு ஒட்டினால் வெயிலில் கழன்றுவிடும். பழைய பிஸ்டனுக்குள் எரிபொருள் கொளுத்திச் சூட்டில் ஒட்டும் முறை சரியாகச் செய்தால் இன்னும் உறுதி. ஆனால் சூடு கூடினால் ரியூப் அந்த இடத்தில் மெலிந்துவிடும். என் கணக்கில் மூன்றாவது ஒட்டு வரும்போது ரியூபை மாற்றுவதுதான் மலிவு.

ரியூப்லெஸ் ரயர் பற்றி இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அதன் பெரிய நன்மை, ஆணி குத்தினாலும் காற்று ஒரேயடியாகப் போகாமல் மெல்ல மெல்லப் போவது. ஆணியைப் பிடுங்காமல் விட்டால் வீடு வரை வந்துவிடலாம். வீதியிலேயே ரயரைக் கழற்றாமல் இறப்பர்த் திரியைச் செருகி அடைக்கவும் முடியும். டியோ போன்ற ஸ்கூட்டிகளிலும் அலோய் ரிம் போட்ட பல வண்டிகளிலும் அதுதான் வருகிறது. கம்பி போட்ட சாதாரண ரிம்மில் அது சரிவராது, ஸ்போக் துளைகளால் காற்றுப் போகும். வெளிப்புறத் தட்டையில் குத்திய ஓட்டையை மட்டும்தான் அடைக்கலாம். பக்கச் சுவர் கிழிந்தால் எந்த வகை ரயராக இருந்தாலும் அதன் கதை முடிந்தது. உள்ளே விடும் அடைப்புத் திரவம் சிறு முள் ஓட்டைகளுக்கு உதவும். ஆனால் ரியூபுக்குள் அதை விட்டால் பின்னர் அந்த இடத்தில் ஒட்டுப் பிடிப்பது கடினம். அப்படியிருந்தும் உருட்டவோ கழற்றவோ முடியாதவர்களுக்கு, ஒரு கையோ காலோ இழந்தவர்களுக்கு, தனியே தூரம் ஓடும் பெண்களுக்கு, அந்தக் கூடுதல் செலவு தகும் என்றே சொல்வேன். வண்டி வாங்க இருப்பவராயின் அலோய் ரிம்மும் ரியூப்லெஸ் ரயரும் உள்ளதைப் பாருங்கள்.

இரு பக்கமும் துணைச்சக்கரம் பூட்டிய ஸ்கூட்டி ஓடுபவர்களுக்கு இன்னொன்று. அந்த வண்டி வளைவில் சரியாது, எனவே நடுச்சக்கரத்தின் ரயர் நடுவிலேயே தட்டையாகத் தேயும். பக்கத்தில் பூ இருப்பதைக் கண்டு ஏமாறாமல் நடுப்பகுதியைப் பாருங்கள். இரண்டு துணைச்சக்கரங்களிலும் காற்று ஒரே அளவாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எப்போது ரயரையே மாற்றுவது? ரயரின் பள்ளங்களுக்குள் அங்கங்கே சிறு மேடுகள் இருக்கும், அவை தேய்மான அடையாளங்கள். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமனாக வந்தால் ரயர் முடிந்தது. மெலிந்த ரயரை நெருஞ்சி முள்ளே துளைக்கும். அதில் புது ரியூப் போட்டாலும் காசு வீண். மாரிக்கு முன் மாற்றுவது நல்லது. நனைந்த இறப்பர் இலகுவாக வெட்டுப்படும். பூத் தேய்ந்த ரயர் தண்ணீரில் வழுக்கும்.

கடையில் ரயரைக் கையில் எடுத்ததும் பக்கச் சுவரைப் படியுங்கள். 2.75-18 என்றால் அகலம் 2.75 அங்குலம், ரிம் 18 அங்குலம். சி.டி.100 போன்ற வண்டிகளுக்கு ரிம் 17, பழைய ஸ்ப்ளெண்டருக்கு 18. இதை மாற்ற முடியாது. அடுத்து 48பி, 50பி என்று ஓர் எண் இருக்கும். எண் தாங்கும் பாரத்தைச் சொல்லும்: 48 என்றால் 180 கிலோ, 50 என்றால் 190, 56 என்றால் 224. அது அந்த ஒரு ரயரின் மேல் வரும் பாரம். எழுத்து வேகத்துக்கானது. நெல் மூட்டை, மீன் பெட்டி, விறகு ஏற்றுபவர்கள் பின்சக்கரத்துக்கு 6 பி.ஆர். என்று குறித்த, பாரம் தாங்கும் ரயரைக் கேட்டு வாங்குங்கள். அகலமான ரயர் வடிவாக இருக்கும் என்று ஒடுங்கிய ரிம்மில் ஏற்றினால் ரயர் பிதுங்கி நிற்கும், சங்கிலியிலும் உரசும்.

மற்றது திகதி. சுவரில் ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. கடை வாசலில் வெயிலில் தொங்கிய ரயர் புதிதாகத் தெரிந்தாலும் இறப்பர் காய்ந்திருக்கும். சுவரை வளைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் கழிவு விலைக்கும் வேண்டாம். ஐந்து ஆண்டு தாண்டிய ரயரை நான் வாங்கமாட்டேன்.

கிரவல் வீதியிலேயே அதிகம் ஓடுபவர்களுக்குக் கட்டை கட்டையான பூவும் தடித்த சுவரும் உள்ளது பொருந்தும். ஏ9 வீதியில் ஓடுபவருக்கு அந்தப் பூ இரையும், விரைவில் தேயும். வேக ஓட்டத்துக்கான மென்மையான ரயர்கள் பிடிமானம் கூடியவை, ஆயுள் குறைந்தவை. மீளப் பூப் பதித்த ரயரை முன்சக்கரத்துக்குப் போடவே வேண்டாம். சியற், டி.எஸ்.ஐ. போன்றவை இலங்கையிலேயே செய்யப்படுகின்றன, எனவே அளவு கிடைப்பது இலகு. பெயரைவிட அளவும் திகதியும் முக்கியம்.

விலையை வெறும் விலையாகப் பார்க்காமல் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 9,000 ரூபாய் ரயர் 10,000 கிலோமீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு 90 சதம். 13,000 ரூபாய் ரயர் 20,000 ஓடினால் 65 சதம். இடையில் போட்ட ஒட்டுகளும் இழந்த கூலிநாட்களும் இந்தக் கணக்கில் இல்லை. கையில் காசு இல்லாதபோது மலிவானதைத்தான் வாங்க முடியும், அது விளங்குகிறது. அப்படியானால் பின்சக்கரத்தில் மிச்சம் பிடிக்கலாம், முன்சக்கரத்தில் வேண்டாம். முன்சக்கரம் வழுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது அரிது.

பூட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். சுவரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுழலும் பக்கத்தைப் பார்க்கவேண்டும். புது ரயரோடு புது ரியூபும் ரிம் நாடாவும் போடுங்கள், பழைய ரியூப் நீண்டு போயிருப்பதால் புது ரயருக்குள் மடியும். முதல் 100, 150 கிலோமீற்றருக்கு வளைவில் மெதுவாகப் போங்கள், புது இறப்பர் வழுக்கும். கழற்றிய ரியூபில் ஓர் ஒட்டுக்கு மேல் இல்லையென்றால் எறியாமல் மாப்பவுடர் தூவிச் சுருட்டி, இரண்டு ரயர் லீவர், ஒரு காற்றுப் பம்ப் ஆகியவற்றோடு பைக்குள் வையுங்கள். சைக்கிள் பம்ப் என்றால் அதன் வாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை பூட்டிப் பாருங்கள். சாதாரண சைக்கிள் வால்வு வேறு வகை.