வெயில் இல்லாவிட்டாலும் வெப்பம் உண்டு

மேகமூட்டமாக இருந்தால் கவலையின்றி ஓடலாம் என்பார்கள் என் பல்கலைக்கழக நண்பர்கள். நான் அதை ஏற்பதில்லை. வியர்த்தால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது. வியர்வை உலர வேண்டும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் அது எளிதில் உலராது. உடற்சூடு உள்ளேயே தங்கிவிடும்.

அதனால் மெக்ரிட்சிக்கு ஓடக் கிளம்புமுன் ‘மைஇஎன்வி’ செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பார்க்கிறேன். வெப்பநிலையோடு ஈரப்பதம், காற்று, வெயில் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு அது. 2023 ஜூலையில் அறிமுகமான ஆலோசனைமுறைப்படி, 31 டிகிரி செல்சியசுக்குக் கீழ் ‘குறைவு’. 33ஐ எட்டினால் ‘அதிகம்’. அன்று ஓட்டத்தை மாலைக்குத் தள்ளிவைப்பேன்.

உடன் ஓடுபவர் தள்ளாடினாலோ, குழப்பமாகப் பேசினாலோ உடனே 995ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல், அவரை நிழலில் கிடத்தி, உடலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.